லைனில் சத்தம்

மதலேனா தன் கொண்டையிலிருந்து ஊசியொன்றை உருவி, சவப்பெட்டிக்குள் கிடந்த கணவர் சூசைநாதனின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த கறுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிணவறையில் நன்றாகக் குளிப்பாட்டிவிட்டோம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஏர்கான் குளிர்சாதன ரிப்பேர்காரனின் நகத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? இருபத்தைந்து வருடத்து அழுக்கு, சோப்புக்கா போய்விடும்? இடது கையை முடித்து வலது கையின் ஆள்காட்டி விரலுக்கு வந்திருந்தாள்.

"இதக் கேளு மதலேனா," என்றார் அலெக்சாண்டர்.

இறந்தவருக்கு மூத்த அண்ணன் அவர். சிங்கப்பூர் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றறிக்கைகளைத் தவிர வேறெதையும் வாழ்க்கையில் பக்தியோடு படித்தறியாதவர். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்த நாற்காலிகளுக்கு நடுவே நின்று, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார். "'எங்கள் துயரத்தில் பங்குகொண்ட உற்றார் உறவினர்களுக்கும், உரிய நேரத்தில் ஒத்துழைப்பு நல்கிய காவல் துறையினருக்கும், தொலைபேசி இலாகாவினருக்கும் எங்கள் இதயம் கனிந்த நன்றி.' நாளைக்குப் பேப்பர்ல வரணும்னா பன்னெண்டு மணிக்குள்ள குடுத்துடணும் லா."

"எந்த நேரத்துல பெரியத்தான்?"

"என்ன எந்த நேரம்?"

"ஒத்துழைச்ச நேரம்."

"உரிய நேரம்னு போட்டிருக்கேன்ல."

மதலேனா கையை நீட்டினாள். திருத்தம் சொல்லப்போகிறாள் என்று நினைத்துத் தாளைக் கொடுத்தார். அவள் அதில் ஊசிமுனையின் கறுப்பைத் துடைத்தாள், இரண்டு தரம், அழுத்தமாக. பிறகு தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நடுவிரலுக்குப் போனாள்.

அலெக்சாண்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு தாளை மடித்துப் பையில் வைத்தார்.

நடந்தது சனிக்கிழமை. மத்தியானம் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு வீட்டுப் போன் அடித்தது. நேரம் மதலேனாவுக்குத் துல்லியமாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன் எட்டு வருடம் டிரங்க் கால் ஆபரேட்டராக வேலை பார்த்தவள். ரிசீவரைத் தொடும்போதே கண் கடிகாரத்துக்குப் போய்விடும். அந்தப் பழக்கம் இருபது வருடமாகியும் விடவில்லை.

"மதலேனா," என்றார் சூசைநாதன். "நெஞ்சுல என்னமோ அடைக்குது."

"எங்க இருக்கீங்க?"

"ஏணிய விட்டு எறங்கிட்டேன். பயப்படாத."

"யார் வீடுங்க? எந்த ரோடு?"

"ஆளு இல்ல… லண்டன் போயிருக்காங்க. சாவி குடுத்துட்டு… கதவ உள்ள பூட்டிட்டு…"

ரிசீவர் மரத்தில் மோதும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது, ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பது போல.

சனிக்கிழமைகளில் அவர் கம்பெனி வேலையில்லாமல் சொந்தமாகச் சில வீடுகளுக்குப் போவார். எந்த வீடுகள் என்பது அவருடைய பைக்குள் இருந்த நோட்டுப் புத்தகத்துக்குத்தான் தெரியும். கிழக்குப் பக்கம் போகிறேன் என்று காலையில் சொன்னார். சிங்கப்பூரில் கிழக்கு என்றால் காலாங்கிலிருந்து சாங்கி வரைக்கும் கிழக்குதான்.

மதலேனாவுக்கு ஒன்று தெரியும். இரண்டு பக்கமும் ரிசீவரை வைக்காதவரை லைன் அறுபடாது. அறுபடாத லைனை எக்ஸ்சேஞ்சில் ஓர் ஆள் ஒவ்வொரு சுவிட்சாகப் பின்தொடர்ந்து போனால் எந்த நம்பரிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். அவள் வேலையில் இருந்தபோது ஒரு பெரிய மனிதர் வீட்டுக்கு எவனோ குடித்துவிட்டுப் போன் செய்து ஏசியிருந்தான். கால்மணி நேரத்தில் அவனைப் பிடித்தார்கள். யாரும் யாரிடமும் கடிதம் கேட்கவில்லை.

தன் போனை வைக்கக் கூடாது. அதனால் பக்கத்து வீட்டுப் பூவம்மாவை ஜன்னல் வழியாகக் கத்திக் கூப்பிட்டாள்; மாவரைக்கும் சத்தத்தில் அது அவளுக்குக் கால்மணி நேரம் கேட்கவில்லை. பூவம்மா கையெல்லாம் மாவோடு ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தன் வீட்டுப் போனுக்கு ஓடினாள். அவள் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்தபோது மணி மூன்று இருபத்தைந்து. திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"தனசேகரன்னு ஒரு டியூட்டி ஆபீசர் பேசுறாருக்கா. சந்தாதாரர் விவரம் ரகசியமாம். போலீஸ்கிட்டேருந்து லெட்டர் வேணுமாம்."

"ஆள் சாகக் கெடக்குறாருன்னு சொன்னியா?"

"சொன்னேன். அதயும் லெட்டர்ல எழுதச் சொல்லுங்கன்னாரு."

பூவம்மா போலீசுக்குப் போன் செய்தாள். போலீஸ் டெலிபோன் ஆபீசைக் கேட்கச் சொன்னது. டெலிபோன் ஆபீஸ் போலீசைக் கேட்கச் சொன்னது. நாற்பத்தெட்டு வயதில், முட்டி வலியோடு, பூவம்மா இரண்டு வாசலுக்கும் இடையே ஆறு தரம் ஓடினாள். அந்த மத்தியானம் இந்தத் தீவில் ஒருவருடைய உயிருக்காக உடம்பை அசைத்தது அவள் ஒருத்திதான்.

நாலு இருபதுக்குப் போலீஸ் வந்தது. சார்ஜெண்ட் வேலாயுதம் என்று பெயர். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார், நோட்டைத் திறந்தார், அவளுடைய பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கேட்டு எழுதினார். எழுத்து அழகாக இருந்தது. அவசரமில்லாத எழுத்து.

"புருஷன் பெண்சாதிக்குள்ள சண்டை ஏதும் உண்டாம்மா?"

மதலேனா ரிசீவரை அவர் காதில் வைத்தாள். அவர் கேட்டார். பேனா நின்றது. அரை நிமிடம் அப்படியே இருந்துவிட்டு, சூடான கோப்பையைக் கொடுப்பது போல ரிசீவரைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"மூச்சு வாங்குறாரும்மா."

"அதான் சார். லெட்டர் எழுதுங்க."

"எழுதலாம். ஆனா இன்ஸ்பெக்டர் கையெழுத்து வேணும். அவரு இன்னிக்கு ஹாஃப் டே. அதோட, இது கிரைம் இல்ல பாருங்க. கிரைமா இருந்தா வேற. கிட்நாப்னா நாங்க உடனே கேக்கலாம்."

"அப்ப கடத்திட்டாங்கன்னு எழுதுங்க."

"அது பொய் ரிப்போர்ட் ஆயிடும் மேடம். அதுக்கு உங்க மேல கேஸ் வரும்."

தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். லெட்டருக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். படி இறங்கும்போது கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டே இறங்கினார் என்று பூவம்மா பிறகு சொன்னாள்.

ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் அலெக்சாண்டர் வந்து சேர்ந்தார். வாசலிலேயே விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, உள்ளே வந்து, தம்பி மனைவி போனோடு தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"போன வச்சுடும்மா. லைன் ஃப்ரீயா இருந்தாத்தானே அவன் திருப்பிக் கூப்புடுவான்?"

"வச்சுட்டா அறுந்துடும் பெரியத்தான்."

"எல்லாத்துக்கும் புரொசீஜர்னு ஒன்னு இருக்கு. ஆளாளுக்கு லைனத் தேட ஆரம்பிச்சா நாடு என்ன ஆவறது? லெட்டர் வரும். பொறுமையா இரு."

மதலேனா அவர் முகத்தைப் பார்த்தாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மூக்கு. அந்த மூக்கு இந்த முகத்தில் இருப்பதற்காக முதல்முறையாக வெட்கப்பட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அவருக்குக் கேட்காதபடி சூசைநாதனோடு பேசத் தொடங்கினாள்.

ஜெபம் சொல்லலாம் என்று நினைத்தாள். வாய் வரவில்லை. நெத்திலி வறுத்து வைத்திருப்பதைச் சொன்னாள். குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, திங்கட்கிழமையாவது பார்க்க வேண்டும் என்றாள். பூவம்மாவின் முட்டி வலியைச் சொன்னாள். கல்யாணமான புதிதில் அவர் வாங்கித் தந்த செருப்பு ஒரு சைஸ் பெரிது, சொன்னால் மனம் நோகுமே என்று பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு நடந்தேன் என்றாள். இருபது வருடமாகச் சொல்லாத ரகசியம் அது. மறுமுனையில் மூச்சு ஒருமுறை உயர்ந்து இறங்கியது. சிரிப்பாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்து இருபத்தைந்துக்கு மூச்சு நின்றது.

மதலேனா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அலெக்சாண்டரைப் பார்த்தாள். அவர் பூவம்மா கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இனி அவசரமில்லை என்பார்கள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்பார்கள். பூட்டிய வீட்டுக்குள் இரண்டு ராத்திரி அவர் தரையில் கிடப்பார். ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், நடுநடுவே "ம்" கொட்டிக்கொண்டு, உயிரோடிருப்பவர் பேசுவதைக் கேட்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

ஆறு நாற்பதுக்கு லைனில் ஒரு 'கிளிக்' கேட்டது. அதற்குப் பின் ஓர் ஆண்குரல்.

"தங்கச்சி, எக்ஸ்சேஞ்ச்லேருந்து நூர்தீன் பேசுறேன். டெக்னீஷியன். எடம் தெரிஞ்சிடுச்சு. காத்தோங், சிலோன் ரோட்டுப் பக்கம். ஆம்புலன்ஸுக்கு அட்ரஸ் சொல்லிட்டேன், கெளம்பிட்டாங்க."

"லெட்டர் வந்திடுச்சாண்ணே?"

"லெட்டரா? வரல. ஆறரைக்குத்தான் டியூட்டிக்கு வந்தேன். போலீஸ் லெட்டருக்கு வெயிட்டிங்னு புக்ல எழுதியிருந்துச்சு. படிச்சேன், நேரா சுவிட்ச் ராக்குக்குப் போய்ட்டேன். இங்கேருந்து கிழக்கு எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் நான் பாத்தேன், அங்கேருந்து நம்ம ஆளு ஒருத்தன் பாத்தான்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒம்பது நிமிஷம் தங்கச்சி." சூசைநாதன் போய்விட்டது அவருக்குத் தெரியாது. கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னார். "இனிமே போன கீழ வைக்கலாம்."

ரிசீவரைப் பிடித்திருந்த விரல்கள் விரியவில்லை. பூவம்மாதான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குத் தனசேகரன் வந்தார். கழுத்துப்பட்டை, கையில் தோல்பை, பின்னால் ஒருவன் தூக்கிவந்த பெரிய மலர்வளையம். அதில் இலாகாவின் பெயர் இறந்தவரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. கூடவே சார்ஜெண்ட் வேலாயுதமும் வந்தார். அலெக்சாண்டர் ஓடிப்போய் இருவருக்கும் மின்விசிறிக்கு நேரே நாற்காலி போட்டார்.

"மேடம், ரொம்ப வருத்தமா இருக்கு," என்றார் தனசேகரன். "டாக்டர் ரிப்போர்ட் கேள்விப்பட்டேன். பெரிய அட்டாக். ஒரேயடியா போயிருப்பாரு. யாரும் ஒன்னும் செஞ்சிருக்க முடியாது."

"ரெண்டு மணி இருபது நிமிஷம்," என்றாள் மதலேனா.

"சாரி?"

"ஒரேயடியா போனது. ரெண்டு மணி இருபது நிமிஷமா போனாரு."

தனசேகரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தோல்பையைத் திறந்து தட்டெழுதிய தாள் ஒன்றை எடுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. போலீஸ் லெட்டர் இன்னிக்குக் காலைலதான் கைக்கு வந்துச்சு. ஆனா அன்னிக்கு எங்க டெக்னீஷியன் ஒருத்தர் அனுமதி இல்லாம டிரேஸ் பண்ணிட்டாரு. பெரிய குத்தம் மேடம். விசாரணை வரும். ரிட்டையர் ஆக ரெண்டு வருஷந்தான் இருக்கு அவருக்கு. பாவம், குடும்பஸ்தன். நீங்க சந்தாதாரர்ங்கிற முறையில கேட்டுக்கிட்டதா ஒரு கையெழுத்துப் போட்டுட்டா எல்லாம் ரெகுலர் ஆயிடும்."

மதலேனா தாளை வாங்கிப் படித்தாள். அவசரப்படாமல் படிப்பது டிரங்க் கால் மேஜையில் கற்றது. நடுவில் ஒரு வரி இருந்தது. கோரிக்கை பெறப்பட்ட நேரம் மாலை 6.30. நடவடிக்கை முடிந்த நேரம் மாலை 6.39.

ஒன்பது நிமிடத்தில் உதவிய இலாகா! இந்தத் தாளைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். மூன்று இருபத்தைந்து முதல் ஆறரை வரை இருந்த நேரத்தை, குழம்பிலிருந்து ஈயை எடுத்துப் போடுவது போல எடுத்துப் போட்டுவிட்டார்கள். போட்டுவிட்டு, நல்லவனொருவனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, கையெழுத்துக் கேட்கிறார்கள்.

"சார்," என்று வேலாயுதத்தைக் கூப்பிட்டாள். "நாலு இருபதுக்கு நீங்க என் வீட்டுக்கு வந்தீங்க. போனக் காதுல வச்சுக் கேட்டீங்க."

"கேட்டேம்மா."

"ரிப்போர்ட்ல எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"என்ன எழுதினீங்க?"

வேலாயுதம் தொப்பியை மடியில் ஒரு சுற்றுச் சுற்றினார். "லைன்ல சத்தம்னு."

மின்விசிறிக் காற்றில் மாலைகளில் இருந்த ஜரிகை அசைந்தது. அலெக்சாண்டர் தொண்டையைச் செருமினார். "மதலேனா, பெரியவங்க இவ்வளவு தூரம் நம்மளத் தேடி வந்திருக்காங்க. போட்டுடும்மா."

"அவங்க போட வேணாம்."

குரல் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது. மதலேனா திரும்பினாள். முகம் புதிது, குரல் தெரிந்தது. காக்கிச் சட்டை, நரைத்த தாடி, கையில் குடை. பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார். தனசேகரன் எழுந்தேவிட்டார்.

"நூர்தீன், நீ எதுக்கு இங்க வந்த?"

"மவுத்து வீட்டுக்கு எதுக்கு வருவாங்க சார்?" என்றார் நூர்தீன். பிறகு மதலேனாவிடம், "எனக்காகன்னு நெனச்சு நீங்க எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க தங்கச்சி. நான் செஞ்சத நான் பாத்துக்கிறேன். லைன்ல மாட்டினப்ப நீங்க 'ம்' கொட்டிட்டிருந்தீங்க, அவரு பேசறதக் கேக்குற மாதிரி. எனக்கு அவரு போயிட்டது தெரியல. தெரிஞ்சிருந்தா ஒம்பது நிமிஷம்னு அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சாக்குச் சொல்லாமல் மூன்று நாளில் அவளிடம் பேசிய முதல் ஆண் அவர். மன்னிப்புக் கேட்டதும் அவர் ஒருவர்தான், தேவையே இல்லாதவர்.

மதலேனா தனசேகரனின் சட்டைப்பையிலிருந்த பேனாவை அவளே எடுத்தாள். நாற்காலியின் முதுகில் தாளை வைத்தாள். 6.30 என்பதன் மேல் ஒரே கோடு கிழித்தாள். அழித்தது படிக்கும்படி இருக்க வேண்டும்; ஆபரேட்டர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது அது. மேலே எண்ணில் எழுதவில்லை, எண்ணை மாற்றிவிடலாம். எழுத்தில் எழுதினாள், 'பிற்பகல் மூன்று மணி இருபத்தைந்து நிமிடம்' என்று. ஓரத்தில், 'மூச்சு நின்றது ஐந்து மணி இருபத்தைந்து நிமிடம்' என்று எழுதினாள். கீழே, 'என் வேண்டுகோளின்படி இதைச் செய்தவர் நூர்தீன் மட்டுமே.' ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் சுருக்கொப்பம் வைத்தாள். கடைசியில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தனசேகரன் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் கடுத்தது. "மேடம், இப்படித் திருத்தியிருந்தா மேல ஏத்துக்க மாட்டாங்க. புதுசா டைப் பண்ணித் தரேன்…"

"குடுங்க. அதுலயும் இதேதான் எழுதுவேன்."

"நீங்க உணர்ச்சிவசப்பட்டு…"

"உங்க ரேங்க் என்ன சார்?"

"அசிஸ்டண்ட் சூப்பர்வைசர்."

"நான் இருந்தப்ப அந்த வேலைக்குக் கால் டிக்கெட்ல நேரம் ஒழுங்கா எழுதத் தெரிஞ்சவங்களத்தான் போடுவாங்க," என்றாள். பேனாவை மூடி அவர் பையிலேயே செருகினாள். "வளையத்த எடுத்துட்டுப் போயிடுங்க. இன்னும் ரெண்டு மூனு வீட்டுக்கு ஆகும்."

அந்தத் தாளை யாரும் சுவரில் மாட்டவில்லை. விசாரணை வைத்தால் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டியிருக்கும் என்பதால், இரண்டு மாதத்தில் விசாரணையே ஓசையில்லாமல் மூடப்பட்டது. நூர்தீன் உரிய காலத்தில் ஓய்வு பெற்றார். தனசேகரனுக்குப் பதவி உயர்வு வந்தது. அதுவும் உரிய காலத்தில்தான்.

அந்தத் திங்கட்கிழமை பிற்பகல் ஓஃபிர் ரோடு மாதா கோயிலில் பூசை முடிந்து, பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். சுவா சூ காங் கல்லறைக்கு ஒரு பஸ் ஏற்பாடாகியிருந்தது. மதலேனா முன்னாலேயே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தாள்.

அலெக்சாண்டர் ஏறி வந்தார். குடும்பத்தில் மூத்தவர் உட்கார வேண்டிய இடம் அதுதான். கைப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மதலேனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பின்னாலிருந்து ஆட்கள் தள்ளவே, அவர் அசடு வழிய நகர்ந்து பின்வரிசைக்குப் போனார். பூவம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி எதிர்ப்பக்கத்து இருக்கையில் சரிந்தாள்.

கடைசியாக நூர்தீன் படியில் நின்றார். ஏறலாமா கூடாதா என்று தெரியாதவர் போலக் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

மதலேனா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் வந்து, இருக்கையின் விளிம்பில், அவள் மேல் படாமல் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. புக்கிட் தீமா ரோட்டில் முழுத் தூரமும் சாலையோரக் கால்வாய்த் தண்ணீர் கூடவே வந்தது.